தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகள்



அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் நம்முடைய ஆண்டவர் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது. பெற்றோருக்கு அது கேட்கப் பிடிப்பதில்லை. பிள்ளைகளில் சிலருக்கோ அது தங்களுக்கென்றே அகப்பட்ட வார்த்தையாகத் தோன்றும். மகனைத் தகப்பனிடமிருந்தும், மகளைத் தாயிடமிருந்தும் பிரிக்க வந்ததாக அவர் சொல்லுகிறார். தம்மைவிடத் தாய் தகப்பனை அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குத் தகுந்தவனல்ல என்றும் சொல்லுகிறார். நசரேத்தூரில் தேவமாதாவுக்கும் அர்ச். சூசையப்பருக்கும் கீழ்ப்படிந்திருந்த அதே திவ்விய குமாரன் இப்படிப் பேசலாமா? நான்காம் கற்பனையைக் கொடுத்த சர்வேசுரனே அதை எடுத்துப் போடுகிறாரா?

இதற்கு வேதசாஸ்திரிகளின் வியாக்கியானங்களை இங்கே எழுதினால் நீங்கள் பத்திரிகையை மடித்துப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் ஒரு பெண்ணின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். நம் காலத்தில் நடந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகளோடு நிரூபிக்கப்பட்டது. கொள்ளைக்காரக் குடும்பங்களைப் பற்றிய சினிமாக்களை உங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள், நீங்களும் பார்க்கிறீர்கள். அவற்றில் துப்பாக்கி பிடித்த தகப்பனும், அவனுக்காக உயிரைக் கொடுக்கிற மக்களும், நடுவே ஒரு காதலும் பாட்டும் வரும். கொலைகாரன் தன் வீட்டாரிடம் எவ்வளவு பாசமுள்ளவன் என்று காட்டினால் சனங்கள் கண்ணீர் விடுகிறார்கள். அந்தப் பாசம் உள்ளே எப்படியிருக்கும் என்பதை இந்தச் சரித்திரத்தில் பாருங்கள்.

இத்தாலி தேசம் படத்தில் ஒரு பூட்ஸ் காலைப்போல இருக்கும். அதன் கால்விரல் இருக்கிற இடம் கலாப்ரியா. மலைநாடு, ஏழைநாடு, பக்தியுள்ள நாடு. சிசிலித் தீவிலே மாஃபியா என்கிற கூட்டம் இருப்பதுபோலக் கலாப்ரியாவிலே இந்திராங்கெத்தா என்கிற கூட்டம் இருக்கிறது. இதன் கட்டுமானம் வேறு. இங்கே பெரும்பாலும் இரத்த உறவே கூட்டம். தகப்பன், சிற்றப்பன், மைத்துனன், மருமகன் என்று ஒரு குடும்பம் ஒரு கிளையாக இருக்கும். இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டால் இரண்டு கிளைகள் ஒன்றாகும். ஆனபடியால் அங்கே கலியாணம் என்பது வியாபாரத்தின் ஒரு பாகம். போலீசாரிடம் உண்மை சொல்ல வருகிறவர்கள் அங்கே மிகவும் குறைவாயிருந்ததற்கும் காரணம் இதுதான். மற்றக் கூட்டங்களில் ஒருவன் தன் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இங்கேயோ தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அந்த நாட்டில் பெத்தீலியா பொலிகாஸ்த்ரோ என்ற ஊரைச் சேர்ந்தவள் லேயா கரோஃபலோ. 1974-ம் வருஷம் பிறந்தாள். ஒரு வயது நிரம்புமுன் அவள் தகப்பன் பகையில் சுடப்பட்டுச் செத்தான். அந்த இரத்தத்துக்குப் பழி வாங்குவது ஆண்பிள்ளைகளின் கடமை என்று போதிக்கிற வீட்டில் அவள் வளர்ந்தாள். குமரிப் பருவத்தில் அதே ஊரானாகிய கார்லோ கோஸ்கோ என்பவனை நேசித்தாள். அவன் வடக்கே மிலான் பட்டணத்தில் இருந்தான். வண்டி ஏறிப் போய்விட்டால் இந்தப் பகையும் இரத்தமும் ஊரிலேயே நின்றுவிடும் என்று அவள் எண்ணினாள். பாவம், பதினாறு பதினேழு வயதுப் பெண் வேறெப்படி எண்ணுவாள்? மிலானில் அவள் குடியேறின கட்டிடமே அந்தக் கூட்டத்தாரின் கைக்குள் இருந்தது. அங்கே நடந்தது போதைமருந்து வியாபாரம். அவளுடைய தமையன் ஊரிலே கிளைத்தலைவன். அவனுடைய தயவு கிடைக்கும் என்பதும் கார்லோ அவளை விரும்பினதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

1991-ம் வருஷம் டிசம்பர் மாதம், பதினேழு வயதில், அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை அவளை மாற்றிவிட்டது. தன் தாய் தன்னை வளர்த்ததுபோலத் தன் மகளை வளர்க்கமாட்டேன் என்று தீர்மானித்தாள். 1996-ல் கார்லோ கைதானான். லேயா சிறைக்கே போய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். அவன் அங்கேயே அவள்மேல் பாய்ந்தான். 2002-ம் வருஷம் அவள் போலீசாரிடம் போய், தன் தமையனைப் பற்றியும் கார்லோவைப் பற்றியும் தான் கண்டதையும் கேட்டதையும் சொன்னாள். தண்டனையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னவளல்ல. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. தன் மகள் வேறு காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்.

அதன்பின் தாயும் மகளும் ஊர் ஊராய் மறைந்து வாழ்ந்தார்கள். 2006-ல், அவள் சொன்னவை போதாது என்று சர்க்கார் அவளுக்குக் கொடுத்த பாதுகாப்பை எடுத்துவிட்டது. அவள் வழக்காடித் திரும்பப் பெற்றாள். பின்பு சலித்துப்போய் 2009-ல் தானே அதை விட்டுவிட்டாள். அந்த வருஷம் மே மாதம் கம்போபாசோ என்ற ஊரில், துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவன் என்று ஒருவன் வீட்டுக்குள் வந்து அவளைத் தாக்கினான். மகள் ஓடி வந்ததால் பிழைத்தாள். நவம்பர் மாதம் கார்லோ, மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று மிலானுக்கு அழைத்தான். பிள்ளையின் படிப்பு என்றால் எந்தத் தாய் போகமாட்டாள்? 24-ந் தேதி மாலையில் தாயும் மகளும் பக்கம் பக்கமாக வீதியில் நடந்து போவதைத் தெருக் கேமரா பிடித்திருக்கிறது. மகளை உறவினர் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டு, தாயை வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுதமாட்டேன், சிறுபிள்ளைகளும் வாசிக்கிறார்கள். உடலை எரித்து அடையாளமில்லாமல் செய்தார்கள் என்பது மட்டும் போதும். அவளுக்கு வயது முப்பத்தைந்து.

இனி அந்த மகளைப் பற்றி. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது பலருக்குத் தெரிந்த பெயர்தான். ஆனாலும் பாதுகாப்பில் மறைந்து வாழவேண்டியவளின் பெயரை அச்சுப்போட நம்முடைய பத்திரிகை தேவையில்லை.

இன்னும் பத்து நாளில் அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்ப இருந்தது. தாய் திரும்பி வரவில்லை என்றதும் நடந்தது இன்னதென்று அவள் மனம் சொல்லிவிட்டது. அதைப் போலீசாரிடம் சொல்லவும் செய்தாள். ஆனால் உடலும் இல்லை, அத்தாட்சியும் இல்லை. ஆகையால் அவள் தகப்பன் வீட்டாரோடு கலாப்ரியாவுக்குத் திரும்பிப்போய், அவர்கள் நடுவிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. பிரியமானவர்களே, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தன் தாயைக் கொன்றவன் இவன் என்று அறிந்தும், அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. தாயைப் பற்றிக் கேட்கக் கூடாது. உங்களை விட்டு ஓடிப்போனாள் என்று அவர்கள் சொன்னால் தலையை அசைக்க வேண்டும்.

அப்போது தகப்பன், மகளுக்குக் காவலாகத் தன் கையாளில் ஒருவனை வைத்தான். அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று பார்ப்பது அவனுடைய வேலை. அந்த வாலிபனும் அவளும் ஒருவரையொருவர் நேசிக்க ஆரம்பித்தார்கள். அவளை நாம் குறை சொல்ல வேண்டாம். தாயற்ற பெண், அந்த வீட்டில் அன்பாய்ப் பேசினவன் அவன் ஒருவன். பல மாதம் அவர்கள் காதலித்தார்கள். 2010-ம் வருஷம் அக்டோபர் மாதம் அவள் தகப்பனையும் சிற்றப்பன் முதலானவர்களையும் கொலைக் குற்றத்துக்காகப் பிடித்தபோது, அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான். அவள் தாயின் உடலை அழித்த கைகளில் அவனுடைய கையும் ஒன்று.

2011 ஜூலை மாதம் மிலானில் வழக்கு விசாரணை ஆரம்பமாயிற்று. குற்றவாளிக் கூண்டில் ஒரு பக்கம் தகப்பன், ஒரு பக்கம் தகப்பனின் சகோதரர்கள், ஒரு பக்கம் காதலன். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னாள். நவம்பரில் நீதிபதி வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டதால் வழக்கை முதலிலிருந்து திரும்ப நடத்த வேண்டியதாயிற்று. அவள் மறுபடியும் வந்து, சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னாள். மிலானின் வாலிபப் பிள்ளைகள் பலர், பெரும்பாலும் மாணவிகள், அவள் தனியாயிருக்கக் கூடாதென்று விசாரணைகளுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை; வந்து உட்கார்ந்தார்கள். 2012 மார்ச் 30-ந் தேதி ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த மகள் நான்காம் கற்பனையை மீறினாளா?

மேற்றிராணியாரும் பங்கு சுவாமியும் ஒருபுறமிருக்க, நம் ஞானோபதேசப் பிள்ளைகளைக் கேட்டாலே விடை சொல்லுவார்கள்: பாவமில்லாத காரியங்களில் எல்லாம் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். விடை சரிதான். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. பாவமான கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் பேசாதிருந்தால் போதுமா, அல்லது எழுந்து எதிர்த்துச் சாட்சி சொல்லவும் வேண்டுமா என்பது அந்த விடையில் இல்லை. அர்ச். அக்குவீனாஸ் தோமையார் இதை விசாரித்திருக்கிறார். பெற்றோருக்குச் செய்யவேண்டிய மரியாதையும் சர்வேசுரனுக்குச் செய்யவேண்டிய ஆராதனையும் இரண்டுமே புண்ணியங்கள்; புண்ணியத்துக்குப் புண்ணியம் சத்துருவாயிருக்க முடியாது. ஆனபடியால் தகப்பன் நம்மைப் பாவத்துக்கு இழுக்கிறபோது அவனுக்கு இணங்குவது மரியாதை என்கிற புண்ணியமே அல்ல என்று அவர் தீர்க்கிறார். இதிலிருந்து நான் ஒரு அடி முன்னே போகிறேன். சங்கித்தல் என்றால் என்ன? ஒருவனுடைய உண்மையான நன்மையை விரும்பி அவனை மேன்மையாய் நடத்துவது. கொலை செய்தவனுக்கு உண்மையான நன்மை எது? சாகுமுன் மனஸ்தாபப்படுவது ஒன்றே. அவன் வீட்டார் எல்லாரும் மூடி மறைத்துக்கொண்டு, அவன் தலையில் எண்ணெய் வைத்து, சாப்பாடு போட்டு, நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்கு மனஸ்தாபம் எந்த வாசலால் வரும்? அந்த மகள் சாட்சி சொன்னபோதுதான் அவன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவனிடம் உண்மை பேசினார். 2013 ஏப்ரலில், அப்பீல் விசாரணையில், கார்லோ எழுந்து லேயாவின் மரணத்துக்குத் தானே பொறுப்பு என்று ஒத்துக்கொண்டான். மகளிடம் மன்னிப்பு ஒருநாள் கிடைக்கும் என்று நம்புவதாகவும் சொன்னான். அது எவ்வளவு மெய்யானது என்று நமக்குத் தெரியாது. ஆயினும் மகள் பேசாதிருந்திருந்தால் அந்த வார்த்தையும் வந்திராது.

தன் மகளை மிகவும் நேசிப்பதாகவும் அவன் சொன்னான். அதை நான் நம்புகிறேன்! நேசித்திருப்பான். பிள்ளையின் மேல் பாசம் வைப்பதற்குப் பரிசுத்தனாயிருக்க வேண்டியதில்லை. அதற்காகவே அந்தப் பாசத்தை மட்டும் நம்பி நடக்கக் கூடாது என்று சொல்லுகிறேன்.

காதலனுடைய கதை இன்னும் முடியவில்லை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட சில மாதத்துக்குப் பின், 2012 கோடைகாலத்தில், அவன் வாய் திறந்தான். நடந்தது முழுவதையும் சொல்லி, மிச்சம் கிடக்கிற இடத்தையும் காட்டினான். மொன்ட்சா பட்டணத்தின் அருகே ஒரு நிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எலும்புத் துண்டுகளும் லேயாவின் கழுத்துச் சங்கிலியும் கிடைத்தன. அந்தப் பெண்ணின் மேலிருந்த அன்பினால் சொல்லுகிறேன் என்றான். அவனுக்குத் தண்டனை இருபத்தைந்து வருஷமாகக் குறைந்தது. நான்கு பேருடைய ஆயுள் தண்டனை நிலைத்தது, ஒருவன் விடுதலையானான்.

அன்பினாலா, தண்டனை குறையும் என்ற எண்ணத்தினாலா என்று உலகத்தார் கேட்டார்கள். நம் வேதத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. உத்தம மனஸ்தாபம் என்றும், அதற்குக் குறைந்த மனஸ்தாபம் என்றும் இரண்டு உண்டென்று படித்திருக்கிறீர்கள். சர்வேசுரனை நேசிப்பதால் வருவது ஒன்று. நரகத்துக்குப் பயந்து வருவது மற்றொன்று. குறைந்ததையும் பாவசங்கீர்த்தனத்தில் சர்வேசுரன் தள்ளிவிடுவதில்லை. ஆகையால் அவன் உள்ளத்தை நான் தராசில் போடமாட்டேன். ஆனால் வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவன் அவளோடு கைகோத்து நடந்த அந்த மாதங்களில் அவளை நேசிக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. நேசித்திருக்கலாம். ஆனால் அவள் தினமும் இராத்திரி எதைக் கேட்டு அழுதாளோ அந்த விடையைத் தன் மடியிலே கட்டி வைத்துக்கொண்டு நேசித்தான். அப்படிப்பட்ட நேசத்தால் அவளுக்கு என்ன பிரயோசனம்? அவன் அவளுக்குச் செய்த ஒரே நன்மை, சிறையிலிருந்து தன் தண்டனைக்கு ஒத்துக்கொண்டு உண்மையைச் சொன்னதுதான். அதனால் அவளுக்கு ஒரு கல்லறையாவது கிடைத்தது.

2013 அக்டோபர் 19-ந் தேதி மிலானில் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான சனங்கள் கூடி லேயாவுக்கு அடக்கச் சடங்கு செய்தார்கள். லுயிஜி சியோத்தி என்ற குருவானவரும் நகரத்து மேயரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். மகள் வெளியே நிற்க முடியாது; மறைவிடத்திலிருந்து ஒலிபெருக்கி மூலம் தாய்க்கு நன்றி சொல்லி விடைகொடுத்தாள்.

வேதாகமத்தில் இதற்குச் சமானமான குடும்பம் ஒன்று உண்டு. சவுல் ராஜாவின் வீட்டைச் சொல்லுகிறேன். தாவீதின் மேல் பொறாமை கொண்டு அவனைக் கொல்ல வழி தேடுகிறான். அவனுடைய மகள் மிக்கோல் தாவீதை நேசிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்படுகிறான். ஏன்? மகளின் காதலையே கண்ணியாக வைக்கலாமல்லவா! பரிசம் வேண்டாம், நூறு பிலிஸ்தியரைக் கொன்று வா என்கிறான். போகிறவன் திரும்பமாட்டான் என்பது அவன் கணக்கு. கலியாணத்துக்குப் பின்பும் கொலைகாரரை வீட்டுக்கு அனுப்புகிறான். மிக்கோல் புருஷனை ஜன்னல் வழியே இறக்கித் தப்புவிக்கிறாள். பின்பு தகப்பன் கேட்டபோது, அவன் என்னைப் பயமுறுத்தினான் என்று ஒரு பொய்யும் சொல்லிவிடுகிறாள். பயந்த பெண், அவளைக் கோபிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவளுக்கு அதன்பின் வாழ்வில்லை. தகப்பன் அவளை வேறொருவனுக்குக் கொடுக்கிறான். அநேக வருஷத்துக்குப் பிறகு தாவீது ராஜரீகக் காரணத்துக்காகத் திரும்பக் கேட்க, அந்த இரண்டாம் புருஷன் அழுதுகொண்டே பகூரிம் வரைக்கும் அவள் பின்னாலே நடந்து வருகிறான். ஆண்பிள்ளைகளின் பகைக்கு நடுவே பெண்ணை எப்படிக் கைமாற்றுகிறார்கள் பாருங்கள்.

அவள் தமையன் யோனத்தாஸ் வேறு விதம். தகப்பனிடம் நேரே போய், குற்றமற்றவனை ஏன் கொல்லவேண்டும் என்று கேட்டான். ஈட்டி அவன்மேலேயே பாய்ந்தது. சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து, அன்று ஒன்றும் சாப்பிடாமல் போய், சதியைத் தாவீதுக்குத் தெரிவித்தான். ஆனாலும் கெல்போயே மலையில் தகப்பன் விழுந்த யுத்தத்தில் அவனும் கூட விழுந்து கிடந்தான். தகப்பனுடைய பாவத்தை மறைக்கவுமில்லை; தகப்பனைக் கைவிடவுமில்லை. சுவிசேஷத்தில் ஆண்டவர் சொன்ன பட்டயம் எங்கே விழவேண்டும் என்று இவனிடத்தில் தெரிகிறது. பாவத்துக்கும் பாவிக்கும் நடுவே விழவேண்டும்.

கலாப்ரியாவில் இந்தக் கூட்டத்தார் வேதத்தையும் விட்டு வைக்கவில்லை. அர்ச். மிக்கேல் அதிதூதருடைய படத்தைக் கையில் வைத்து எரித்துச் சத்தியம் செய்வது அவர்கள் சடங்கு. ஆஸ்ப்ரோமோந்தே மலையிலுள்ள போல்சி மாதா கோவில் திருநாளை அவர்கள் தங்கள் சங்கக் கூட்டத்துக்கு உபயோகித்தார்கள். ஞானத்தகப்பன் உறவைக் கூட்டாளி உறவாக்கினார்கள். 2014 ஜூலை மாதம் ஒப்பீதோ மமெர்த்தீனா என்ற ஊரில் தேவமாதா சுரூபத்தைச் சுற்றுப்பிரகாரத்தில் தூக்கி வந்தவர்கள், வீட்டுக்காவலிலிருந்த ஒரு கிழத் தலைவனின் வீட்டுப் பக்கம் வந்ததும் நின்றார்கள். மேற்றிராணியார் தம் மேற்றிராசனத்தில் சுற்றுப்பிரகாரங்களையே நிறுத்திவைத்தார். அதற்குச் சில நாள் முந்தி, ஜூன் 21-ந் தேதி, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ்கு கலாப்ரியாவுக்கே வந்து, இவ்வழியில் நடக்கிறவர்கள் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று சொன்னார். 1993 மே 9-ந் தேதி சிசிலியில் அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர், கொலையுண்ட நீதிபதி ரொசாரியோ லிவத்தீனோவின் பெற்றோரைச் சந்தித்த அன்றே, கையை உயர்த்தி, மனந்திரும்புங்கள், தேவ தீர்ப்பு வரும் என்று முழங்கினார். அந்த நீதிபதி 2021-ல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

இன்னொரு நீதிபதியைப் பற்றியும் சொல்லவேண்டும். ரெஜ்ஜோ கலாப்ரியா நகரத்துச் சிறுவர் நீதிமன்றத்தின் தலைவராயிருந்த ரொபெர்த்தோ தி பெல்லா என்பவர், தாம் முன்னே தண்டித்தவர்களின் பிள்ளைகளே பிற்காலத்தில் தம்முன் வந்து நிற்பதைக் கண்டார். 2012 முதல், இப்படிப்பட்ட வீடுகளில் கெட்டுப்போகும் ஆபத்திலுள்ள பிள்ளைகளை வேறிடத்தில் வளர்க்க உத்தரவு செய்தார். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறார் என்று கூக்குரல் எழுந்தது. ஆனால் சில காலத்தில் தாய்மாரே இரகசியமாக அவரிடம் வந்து, என் பிள்ளையைக் கொண்டுபோங்கள் என்று கேட்கலானார்கள். லேயா தனியாக, ஒருவர் துணையுமின்றிக் கேட்டதும் இதைத்தான்.

நம் பங்கில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இல்லை; சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனால் குடும்ப மானம் என்ற பெயரால் வாயை மூடுகிற வழக்கம் நம்மிடம் தாராளமாயிருக்கிறது. மகன் எங்கிருந்தோ பணம் கொண்டுவருகிறான், தாய் கேட்பதில்லை. மாப்பிள்ளை குடித்து அடிக்கிறான்; பெண் வீட்டார் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது. பெரியவர்கள் சுவாமியிடம் மட்டும் சொல்லி, ஜெபியுங்கள் என்கிறார்கள். இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்குகிறேன். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவைக் கட்டுகிறது. உங்களைக் கட்டாது. வெளியே சொல்லவேண்டியதை என் காதில் போட்டுவிட்டதால் உங்கள் கடமை தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். சிறுபிள்ளைகளுக்கு விரோதமான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டமும் சொல்லுகிறது.

ஆகமன காலம் கழிந்ததும் தை மாதக் கலியாணங்களுக்கு ஓலை வாசிக்க ஆரம்பிப்போம். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது சடங்குக்காக அல்ல. விக்கினம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும் என்பதற்காக. அறிந்தும், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டு, கலியாணச் சாப்பாட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அதைப்பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. ஓலைக்கு முன்பே என்னிடம் வாருங்கள். பயத்தினாலும் கட்டாயத்தினாலும் பெற்ற சம்மதம் சம்மதமல்ல. அப்படி நடந்த விவாகம் விவாகமுமல்ல. ஆகையால் மந்திரம் ஒப்புவிக்க வரும்போது பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியாக விசாரிப்பேன். கூட வருகிற தாய்மாமன்மாரும் அத்தைமாரும் கோபிக்க வேண்டாம். வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருக்கிறது.

இந்த மாதம் 24-ந் தேதி காலைப் பூசை, லேயா கரோஃபலோவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும். அதே பூசையில் அவளுடைய மகளுக்காகவும், தண்டனை பெற்றவர்களுக்காகவும், அந்தத் தகப்பனுக்காகவும் ஒவ்வொரு அருள்நிறை மந்திரம் சொல்லுவோம். தகப்பனுக்காக ஜெபிக்க அந்த மகளுக்கு இன்னும் முடியாமலிருக்கலாம். அவளுக்காக நாம் சொல்லுவோம். பூசை ஆறு மணிக்கு. முதல் மணி ஐந்தரைக்கு அடிக்கும்.

உங்கள் பங்கு சுவாமி